கியர் பெட்டி முனகும்போது



பிழைப்பின் நிமித்தம் மும்பை, புனே, தில்லி முதலிய நகரங்களில் குடியேறியுள்ள நம்மில் பலர் முதலில் வாங்குவது பழைய கார்தான். சிலருக்கு அது குடும்ப வாகனம். சிலருக்கோ அன்றாட அப்பமே அதனால்தான். அத்தகைய கார் ஒரு நாள் முனகத் தொடங்கினால் உள்ளம் கலங்குகிறது. பட்டறைக்குச் சென்றால், நமக்குச் சரளமாக வராத மொழியில், "கியர் பெட்டியை இறக்க வேண்டும்" என்கிறார்கள். நாமும் தலையசைத்துவிடுகிறோம். பெட்டியை இறக்குவது பெரிய அறுவைச் சிகிச்சைக்கு ஒப்பானது. அதற்கு முன் நோயை அறிய வேண்டாமா? சத்தம் எப்பொழுது எழுகிறது, எப்பொழுது அடங்குகிறது என்று கவனித்தாலே பாதி நோய் விளங்கிவிடும்.

முதற் சோதனை இது. சமதரையில் காரை நிறுத்தி, கைப் பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிடுங்கள். கிளட்ச் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு உற்றுக் கேளுங்கள். அப்பொழுது எஞ்சினோடு கியர் பெட்டியின் உள்தண்டும் சுழன்றுகொண்டிருக்கும். அந்நிலையில் உறுமல் கேட்டு, கிளட்சை முழுவதும் மிதித்தவுடன் அடங்கினால், பழுது பெரும்பாலும் பெட்டிக்குள் இருக்கும் பேரிங்கில் உள்ளது. மாறாக, மிதிக்கும்போது மட்டும் சத்தம் எழுந்தால், தேய்ந்திருப்பது கிளட்ச் ரிலீஸ் பேரிங். இதற்கும் பெட்டியைக் கழற்றவேண்டும். ஆனால் அதன் உள்ளுறுப்புகளைப் பிரிக்கவேண்டியதில்லை. செலவில் இது பெரிய வேறுபாடு.

கியர் விழ மறுக்கிறதா? எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்து எல்லாக் கியர்களையும் போட்டுப் பாருங்கள். அணைத்த நிலையில் இலகுவாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டு செய்தால், கிளட்ச் முழுவதும் விடுபடவில்லை என்று பொருள். கேபிள் தளர்ந்திருக்கலாம், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கிளட்சாயின் சிலிண்டரில் கசிவு இருக்கலாம். இவ்விரண்டையும் பெரும்பாலும் பெட்டியைத் தொடாமலேயே சரிசெய்யலாம். அணைத்த நிலையிலும் கடினமாயிருந்தால், கியர் கம்பியின் இணைப்புகளை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு கியரில் மட்டும் "கர்ர்" என்று பல் உரசுமானால், அந்தக் கியரின் சிங்க்ரனைசர் வளையம் தேய்ந்திருக்கக்கூடும். சேரவேண்டிய இரு பாகங்களின் வேகத்தையும் சமப்படுத்துவது இவ்வளையமே. 1928இல் அமெரிக்காவின் காடிலாக் காரில் இவ்வமைப்பு அறிமுகமாகும்வரை, ஓட்டுநர்கள் வேகத்தைத் தாமே கணித்துக் கியர் மாற்றவேண்டியிருந்தது. இன்றும் பல கார்களில் ரிவர்ஸ் கியருக்கு இவ்வளையம் இல்லை. ஆகையால் கார் முற்றிலும் நின்றபின், கிளட்சை மிதித்து இரண்டு மூன்று வினாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அங்கே எழும் உரசல் பல வேளைகளில் பழுதன்று, நம் அவசரமே.

அலட்சியம் செய்யக் கூடாத அறிகுறி ஒன்று உண்டு. ஓடும்போது கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வருவதே அது. கண்டாலா மலைப்பாதையில் குடும்பத்தோடு இறங்கும்போது இப்படி நேர்ந்தால், எஞ்சினின் பிடிப்பு அற்றுப்போய், முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழும். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் கிழிந்திருப்பதும் இதற்குக் காரணமாகலாம். கியரின் பூட்டுப் பற்கள் தேய்ந்திருப்பதும் காரணமாகலாம். எதுவாயினும், சரிசெய்யும்வரை மலைப்பயணம் வேண்டாம்.

எந்தக் கியரில் ஓடினாலும் ஒரே ஊளைச் சத்தம் வேகத்தோடு கூடிக் குறைகிறதா? அப்படியானால் சக்கர பேரிங்கையும் டயரையும் முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். வளைவில் திரும்பும்போது மட்டும் "டக் டக்" என்றால் அது பெரும்பாலும் ஆக்சில் ஜாயின்ட். இவற்றிற்காகக் கியர் பெட்டியைப் பிரிப்பது வீண் செலவு.

எண்ணெயையும் மறவாதீர்கள். சிறு கார்களின் கியர் பெட்டி கொள்வது சுமார் 2 லிட்டர்தான்; சிறு கசிவும் நாளடைவில் பெட்டியை வறளச்செய்யும். கையேட்டில் குறித்த வகையையே ஊற்றுங்கள். ஜி.எல்.-4 கேட்கும் பெட்டியில் ஜி.எல்.-5 ஊற்றினால், அதிலுள்ள சேர்மானங்கள் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். பழைய எண்ணெயை வடிக்கும்போது அருகில் நின்று பாருங்கள். சாம்பல் நிறப் பசைபோன்ற நுண்துகள் இயல்பானது. மின்னும் உலோகச் சில்லுகள் தென்பட்டால் பெட்டியைப் பிரித்தே தீரவேண்டும்.

கிளட்ச் மிதியில் காலை வைத்தபடியே ஓட்டுவதையும், கியர் கம்பியின்மேல் கையை ஊன்றியிருப்பதையும் விட்டுவிடுங்கள். முன்னது ரிலீஸ் பேரிங்கையும், பின்னது உள்ளிருக்கும் கியர் கவையையும் தேய்க்கும்.

அடுத்த முறை பட்டறைக்குச் செல்லுமுன் கண்டவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தி வழங்கும் ஊராயின், "கிளட்ச் தபானே ஸே ஆவாஸ் பந்த் ஹோ ஜாதீ ஹை" என்று சொல்லிப் பாருங்கள். கிளட்சை மிதித்தால் சத்தம் நிற்கிறது என்பது பொருள். நோயை அறிந்து வந்தவர் என்று மெக்கானிக் உணர்ந்துகொள்வார். வேலைக்கு முன்பே என்ன பாகம், என்ன கூலி என்று நீங்களும் தெளிவாகக் கேட்கலாம்.