இரண்டாவது கிண்ணம் சாம்பார்



வெளிநாட்டில் நம்ம ஊர்ச் சாப்பாடு சாப்பிட்ட அனுபவத்தை எழுதுங்கள் என்று போன இதழின் ஒரு மூலையில் கேட்டிருந்தோம். இரண்டு பக்கத்துக்குத் தேறினால் போதும் என்பதுதான் எங்கள் கணக்கு. இப்போது கருமத்தம்பட்டி அலுவலகத்தில் மேசை கொள்ளாமல் கடிதங்கள் கிடக்கின்றன. வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகள் தனி. பக்கத்துத் தறிக்குடோன் சத்தத்துக்கு நடுவே போனைக் காதில் அழுத்திக்கொண்டு அவற்றை எழுதி எடுத்த தம்பிக்கு முதலில் நன்றி.

வந்த கடிதங்களில் பாதி சாம்பாரைப் பற்றியவை. சுவை பற்றிய புகாரைவிட, இரண்டாவது கிண்ணத்துக்குப் பில் போட்டார்கள் என்ற அங்கலாய்ப்புதான் அதிகம். நியூஜெர்சியில் மகன் வீட்டுக்குப் போய்வந்த பெரியவர் ஒருவர் சொல்கிறார்: "தோசை நல்லாத்தானுங்க இருந்துச்சு. சாம்பார் மட்டும் சந்தனக் கிண்ணமாட்டம் ஒண்ணுல வெச்சாங்க. இன்னுங்கொஞ்சம் ஊத்துங்க கண்ணுன்னு கேட்டேன், பையன் மேசைக்கடியில என் காலை மிதிச்சான்."

அவரைக் குறை சொல்ல முடியாது. 1968இல் தாமோதரசாமி நாயுடு தொடங்கிய அன்னபூர்ணா ஓட்டலின் சாம்பாரைக் குடித்து வளர்ந்த கோவை மாவட்டம் இது. வடையைச் சாம்பாரில் முக்கியெடுத்தால் பற்றாது, மூழ்கடிக்க வேண்டும் நமக்கு. வாளியோடு வருகிறவர் நாம் கேட்பதற்கு முன்பே ஊற்றிவிட்டுப் போய்விடுவார். அமெரிக்காவில் விலை கூடினது பருப்பும் புளியுமல்ல, வாளியைத் தூக்கி நடக்கிற ஆள்தான். மணிக்கணக்கில் கூலி, அதற்குமேல் கடை வாடகை. ஒரே ஆள் பத்து மேசையைப் பார்க்கும்போது முதலில் காணாமல் போவது வாளி. போதாக்குறைக்கு, பில்லுக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது அங்கே வழக்கம். நம்ம பெரியவர் சில்லறையாக இரண்டு டாலர் வைத்துவிட்டு எழுந்தாராம். அதற்கும் ஒரு மிதி விழுந்ததா என்று அவர் எழுதவில்லை.

எல்லா ஊரிலும் வாளி காணாமல் போகவில்லை. சிங்கப்பூர் சிராங்கூன் சாலை கோமள விலாஸைப் புகழ்ந்து நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப்போன முருகையா ராஜு, தான் வேலை பார்த்த கடையையே 1947இல் வாங்கி நடத்திய ஓட்டல் அது. 2015 நவம்பரில் பிரதமர் மோடியும் அப்போதைய சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங்கும் சாப்பிட்ட இடம் என்பதால் பலருக்கும் பெயர் தெரிந்திருக்கும். அங்கே வாழையிலை போட்டுப் பரிமாறும் பழக்கம் நிலைத்ததற்கு எனக்குத் தோன்றும் காரணம் ஒன்று. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாளாகப் போனவர்களுக்கு அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட கடைகள்தான் அன்றாடச் சமையலறை. தினமும் வருகிறவன் தட்டில் அளந்து வைத்தால் கடை நடக்காது. துபாயில் 2000இல் சரவண பவன் தன் முதல் வெளிநாட்டுக் கிளையைத் திறந்தபோதும் அப்படிப்பட்ட தனியாட்கள் அந்த ஊரில் நிறைய இருந்தார்கள்.

என்னை நிறுத்திப் படிக்க வைத்தது சோமனூர் அன்பர் ஒருவரின் கடிதம். 2023 ஜூனில் மிலானில் நடந்த ஐடிஎம்ஏ ஜவுளி இயந்திரக் கண்காட்சிக்குத் தறி பார்க்கப் போனவர். நாள் முழுக்க நடந்து கால் வீங்கி, தங்கியிருந்த விடுதிக்குப் பக்கத்தில் 'இந்தியன்' என்று பலகை தெரிந்த கடைக்குள் நுழைந்திருக்கிறார். மெனு முழுக்க நான் ரொட்டியும் பட்டர் சிக்கனும். வெறும் சோறும் ஒரு கிண்ணம் தயிரும் தனித்தனியாக வாங்கி, உப்புக் கேட்டு, கையால் பிசைந்திருக்கிறார். பரிமாறிய பஞ்சாபிப் பையன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனவன், இரண்டு பச்சை மிளகாயைக் கீறித் தட்டில் கொண்டுவந்து வைத்தான். பாஷை இருவருக்கும் ஒத்துவரவில்லை. மறுநாள் இவர் உட்காரும்போதே சோறும் தயிரும் மிளகாயும் வந்துவிட்டன. கண்காட்சியில் பார்த்த தறியைப் பற்றி அவர் எழுதியது ஒரே வரி. இதற்கு ஒன்றரைப் பக்கம்.

இன்னொரு வகைக் கடிதங்களோடு எனக்குக் கொஞ்சம் வழக்கு இருக்கிறது. "லண்டன், டொரண்டோ எங்கே போனாலும் இட்லி, தோசையோடு முடிந்துவிடுகிறது. நம்ம சந்தகை இல்லை, அரிசிம்பருப்புச் சோறு இல்லை, கொள்ளுப்பருப்பு இல்லை" என்பது அந்தக் குறை. ஏனுங்க, இங்கே அவினாசி ரோட்டில் எத்தனை கடையில் சந்தகை கிடைக்கிறது? ஊறவைத்த புழுங்கலரிசியை ஆட்டி, இட்லியாக வேகவைத்து, ஆவி பறக்கப் பறக்க மெஷினில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறினால் இறுகிக்கொள்ளும், பிழிய வராது. ஒருவர் அழுத்த, ஒருவர் தட்டைப் பிடிக்க, வீட்டில் இரண்டு ஆளாவது வேண்டும். தேங்காய்ப்பால் பிழிய மூன்றாவது ஆள். ஓட்டல்காரர் இதற்கு என்ன விலை போடுவார்? அரிசிம்பருப்புச் சோறு அடுப்பிலிருந்து இறக்கி நெய் விட்ட அந்தக் கால் மணி நேரத்துக்குத்தான் ருசி. இவையெல்லாம் உள்ளூரிலேயே பெரும்பாலும் வாசலைத் தாண்டாத சாப்பாடு.

வீட்டுச் சமையலுக்கும் ஓட்டலுக்கும் நடுவிலான இந்தச் சிக்கல் பழையது. பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது என்பவர் 1810இல் லண்டனில் 'இந்துஸ்தானி காப்பி ஹவுஸ்' திறந்தார். இந்தியாவில் சம்பாதித்துத் திரும்பிய வெள்ளைக்காரச் சீமான்களை நம்பிப் போட்ட கடை. அவர்களில் பலர் வீட்டிலேயே இந்தியச் சமையல் தெரிந்த ஆள் வைத்திருந்தார்கள். இரண்டே வருடத்தில் அவர் திவால். அதே லண்டனில் எட்வர்ட் பால்மர் 1926இல் திறந்த 'வீராசாமி' நிலைத்துவிட்டது. இந்தியாவிலிருந்து ஊர் திரும்பிய அதிகாரிகளில் பலருக்கு அப்போது வீட்டில் அப்படிச் சமையல்காரர் கிடையாது. வீட்டில் கிடைக்காதபோதுதான் ஆள் ஓட்டலுக்கு வருகிறான். ஆனால் வந்து உட்கார்ந்ததும் வீட்டையே கேட்கிறான்.

கொங்குச் சமையலில் வாசலைத் தாண்டியது கோழிதான். பள்ளிபாளையம் சிக்கனுக்கு வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் சின்ன வெங்காயமும் போதும், கடாயில் வதக்கி உடனே தரலாம். ஈரோட்டில் 1960இல் மெஸ்ஸாகத் தொடங்கிய ஜூனியர் குப்பண்ணா போன்ற கடைகள் அந்த ருசிக்கு ஊர் தாண்டிப் பெயர் வாங்கிக் கொடுத்தன. வெளிநாட்டு மெனுவிலும் பள்ளிபாளையத்தைப் பார்த்ததாகச் சிலர் எழுதியிருக்கிறீர்கள். கூடவே "கறிவேப்பிலையே இல்லீங்க" என்றும். அமெரிக்காவாக இருந்தால் சமையல்காரரைத் திட்டாதீர்கள். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோப்புகளை அழிக்கும் பசுமை நோயைப் பரப்புகிற பூச்சி கறிவேப்பிலைச் செடியிலும் தங்கும். அதனால் பச்சை இலையை நம் ஊரிலிருந்து கொண்டுபோகத் தடை. பாட்டிமார் பெட்டியில் மடித்து வைத்த கொத்துகளை விமான நிலையக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்த கதைகளை 14ஆம் பக்கத்தில் தனியாகவே தொகுத்திருக்கிறோம்.

டல்லாஸிலிருந்து எழுதிய வாசகி, சந்தகை மெஷினை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டிருக்கிறார். நம்ம ஊர் இரும்பு மெஷின் கனம், விமானத்தில் எடைக்கே பாதி டிக்கெட் ஆகிவிடும். கைக்கு அடக்கமான மெஷின் வைத்துப் பிழிந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எந்த ரகம், எத்தனை இட்லி ஒரு தடவைக்கு ஆகும் என்பதோடு எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறோம். அக்டோபரில் ஜெபமாலை மாதா கோவில் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் அலுவலகம் பக்கம் நேரிலேயே வாங்க. நீங்கள் சாப்பிட்ட கடைகளின் மெனு அட்டை கையில் இருந்தால் மறக்காமல் கொண்டு வாங்க.

அன்புடன்,
ஆசிரியர்