கமலா ஆரஞ்சும் ஒரே ஒரு கஸ்டமரும்

நாக்பூருக்கு மாற்றலாகி வந்த நாள் முதல் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் எங்கள் வீடு ஆரஞ்சு டிப்போ ஆகிவிட்டது. "கிராண்ட் டிரங்க்ல டெல்லி போறோம்டா, ஸ்டேஷனுக்கு ஒரு பெட்டி கொண்டு வந்துடு" என்று சித்தப்பா ஃபோன் பண்ணுவார். வண்டி நிற்கிற சில நிமிஷத்தில் பெட்டியைக் கொடுத்து, நலம் விசாரித்து, "விலை என்னடா?" "அதெல்லாம் வேணாம் சித்தப்பா" என்று சொல்லி முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிடும். தங்கமணி கணக்கு எழுதி வைத்திருக்கிறாள் என்பது சித்தப்பாவுக்குத் தெரியாது.

போன சீசனில் சென்னையிலிருந்து மாமா பேசினார். "ஏண்டா, இங்கே சூப்பர் மார்க்கெட்ல ஸ்டிக்கர் ஒட்டின எகிப்து ஆரஞ்சு அடுக்கி வெச்சிருக்கான். உங்க ஊர்ல விவசாயி பழத்துக்கு விலை இல்லேன்னு புலம்பறான்ங்கறாங்க. எகிப்துலேர்ந்து இங்கே வர முடியுது, நாக்பூர்லேர்ந்து வெளியே போக முடியலையா?"

நியாயமான கேள்வி. ஃபோனில் பதில் சொன்னால் மாமாவுக்குக் காபி ஆறிவிடும். அதனால் இங்கே.

முதலில் பெயர்க் குழப்பம். உலகச் சந்தையில் 'ஆரஞ்சு' என்றால் கெட்டித் தோல், கத்தி போட்டு நறுக்குகிற பழம். நம் நாக்பூர் சந்தரா அந்த ஜாதி இல்லை. அது மாண்டரின், நம்ம ஊரில் சின்ன வயதில் கமலா ஆரஞ்சு என்று சொல்லி வாங்கிய அதே இளகின தோல் குடும்பம். சுங்கப் பட்டியலில்கூட இரண்டுக்கும் தனித்தனி எண்: ஆரஞ்சுக்கு 080510, மாண்டரினுக்கு 080521. இந்த வித்தியாசம் வெறும் புத்தக சமாச்சாரம் இல்லை. வலென்சியா ரகத்தைக் குளிர்பெட்டியில் ஏற்றினால் வாரக்கணக்கில் கப்பலில் போய், இறங்கும்போதும் மாப்பிள்ளை மாதிரி இருக்கும். நம் சந்தரா சாதாரண வெயிலில் பத்து நாள் தாங்கினால் பெரிய விஷயம். தோலுக்கும் சுளைக்கும் நடுவே காற்று. லாரியில் அழுந்தினால் கதை முடிந்தது. போதாக்குறைக்கு விதை. ஐரோப்பாக்காரன் விதை துப்ப மாட்டான்.

ஜூஸ் போட்டு விற்கலாமே என்பீர்கள். உலக ஆரஞ்சு ஜூஸ் வியாபாரத்தில் முக்கால்வாசி பிரேசிலின் கையில். அவர்கள் பழத்தை அனுப்புவதில்லை. சாறைச் சுண்டவைத்து, உறையவைத்து, டேங்கர் கப்பலில் அனுப்புகிறார்கள். ஃப்ளோரிடாவில் 2003-04 சீசனில் 24 கோடிப் பெட்டிக்கு மேல் விளைந்த ஆரஞ்சு, 2005இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட பசுமையாக்க நோயாலும் புயல்களாலும் 2024-25இல் சுமார் 1.2 கோடிப் பெட்டிக்கு இறங்கிவிட்டது. அதனால் பிரேசிலின் பிடி இன்னும் இறுகியது. 2025இல் பிரேசில் சரக்குகள் மேல் 50 சதவீதம் வரி போட்ட அமெரிக்கா, ஆரஞ்சு ஜூஸைச் சத்தமில்லாமல் விலக்குப் பட்டியலில் சேர்த்தது. காலை டிபன் ஆயிற்றே! நம் சந்தராவின் சாறோ வைத்திருந்தால் கசக்கிற சாறு. ஆலைகள் வந்துகொண்டிருக்கின்றன, 2025 மார்ச்சில் இங்கே மிஹானில் பெரிதாக ஒன்று திறந்தார்கள். நல்லது நடந்தால் சந்தோஷம்.

ஆக, நாக்பூர் பழத்துக்கு வெளிநாடு என்றால் லாரியில் எட்டுகிற வெளிநாடுதான். அதாவது பங்களாதேஷ். வரூட், மோர்ஷி, காட்டோல், நர்கேட் பக்கமிருந்து புறப்படும் லாரி நாடு முழுக்கக் குறுக்கே ஓடி பெட்ராபோல் எல்லையில் நிற்கும். வங்காளியில் இந்தப் பழத்துக்கு 'கொமோலா' என்று பெயர். நம்ம கமலா! நமக்கு வங்காளத்திலிருந்து வந்ததா, இருவருக்கும் வேறு எங்கிருந்தாவது வந்ததா என்பதைத் தமிழ் படித்தவர்கள் சொல்லட்டும், நான் பி.காம்.

2020-21இல் அங்கே போனது 1.4 லட்சம் டன். 2022-23இல் அதில் பாதிகூட இல்லை. நடுவில் பழத்துக்கோ ருசிக்கோ ஒன்றும் ஆகவில்லை. 2019க்கும் 2023க்கும் இடையில் பங்களாதேஷ் வசூலிக்கும் இறக்குமதி வரி கிலோவுக்கு நான்கு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. அவ்வளவுதான்.

வரியைப் பற்றிப் பத்திரிகையில் எல்லாரும் எழுதினார்கள். என் தொழிலுக்கு நெருக்கமான இன்னொரு விஷயத்தை யாரும் அதிகம் கவனிக்கவில்லை. 2022 ஜூலையில் பங்களாதேஷ் மத்திய வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. கார், நகை, அழகுசாதனம் மாதிரி ஆடம்பரச் சரக்குகளுக்கு எல்.சி. திறக்க 100 சதவீதம் மார்ஜின் கட்ட வேண்டும். அந்தப் பட்டியலில் பழமும் பூவும் உண்டு. எல்.சி. என்றால் என்னவென்று வங்கிக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு வரியில்: 'சரக்கை அனுப்பியதற்கான பேப்பர் சரியாக இருந்தால் பணம் நான் தருகிறேன்' என்று வாங்குபவரின் வங்கி விற்பவருக்குத் தரும் வாக்கு. சாதாரணமாக வாங்குபவர் ஒரு பகுதியை மார்ஜினாகக் கட்டுவார், மீதிக்கு வங்கி நிற்கும். 100 சதவீதம் என்றால் முழுப் பணத்தையும் முன்னாலேயே வங்கியில் முடக்கிவிட்டுப் பழம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். டாக்காவில் உள்ள சின்ன வியாபாரி என்ன செய்வார்? நாலு லாரி வாங்குகிற இடத்தில் ஒன்று வாங்குவார். வரி விலையை ஏற்றும். மார்ஜின் ஆளையே குறைக்கும்.

அவர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. உக்ரைன் போருக்குப் பிறகு பெட்ரோலியம் விலை ஏறி, அந்நியச் செலாவணி கையிருப்பு கரைந்துகொண்டிருந்த நேரம். எண்ணெயா, பழமா என்றால் யாரும் எண்ணெய் என்றுதான் சொல்வார்கள். 1991இல் நம் ரிசர்வ் வங்கி இறக்குமதி எல்.சி.க்கு 200 சதவீதம் வரை ரொக்க மார்ஜின் வைத்தது. சரக்கு விலையைப் போல இரண்டு பங்கு! அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். பிறகு சீனியர்கள் அந்தக் கதையைக் கண் விரியச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இதில் விவசாயிக்கு விழுந்த அடி எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். நம் நாட்டு விளைச்சலில் ஏற்றுமதி சிறு பங்குதான், அது போனால் என்ன என்று டெல்லியில் உட்கார்ந்து சொல்லிவிடலாம். விலை அப்படி வேலை செய்வதில்லை. அக்டோபர், நவம்பரில் ஒரே சமயத்தில் பழம் குவிகிற வாரங்களில், எல்லை தாண்டிப் போக வேண்டிய லாரிகள் திரும்பி டெல்லிக்கும் கல்கத்தாவுக்கும் போனால், கடைசியாக வந்த லாரிக்குக் கிடைக்கிற விலைதான் முதலில் வந்த லாரிக்கும். கொஞ்ச நாளில் பஞ்சாப் கின்னோவும் வந்து சேரும்.

இங்கே தோட்டத்தைக் காயாக இருக்கும்போதே வியாபாரியிடம் குத்தகை பேசி விடுகிற வழக்கம் உண்டு. அட்வான்ஸ் கொஞ்சம், மீதி பறிக்கும்போது. வரூட் பக்கத்து விவசாயி ஒருவர் பயிர்க்கடனைப் புதுப்பிக்க வந்தவர் சொன்னார்: "சாஹேப், வியாபாரி அட்வான்ஸை விட்டுட்டுப் போயிட்டார். ஃபோன் எடுக்கல. பழம் மரத்துல இருக்கு. பறிச்சா கூலி நஷ்டம், பறிக்கலேன்னா மரம் நஷ்டம்." நான் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கணக்கு இன்னும் சில வாரத்தில் என்.பி.ஏ. ஆகும் என்று அது காட்டிக்கொண்டிருந்தது.

அவர் செய்த தப்பு என்ன? டிசம்பரில் மரத்துக்குத் தண்ணீரை நிறுத்தி வாடப் போடுவார்கள். பிறகு தண்ணீர் விட்டதும் ஜனவரி, பிப்ரவரியில் பூ வரும். இதற்கு அம்பியா பஹார் என்று பெயர். பழம் அக்டோபரில். பங்களாதேஷின் நிதி ஆண்டு ஜூலையில் ஆரம்பம், பட்ஜெட் ஜூன் மாதம். அதாவது வரி என்னவென்று தெரியும்போது காய் மரத்தில் தொங்குகிறது. திருப்பி அனுப்ப முடியுமா? கன்று நட்ட கணக்கு இன்னும் மோசம். ஜம்பீரி எலுமிச்சை வேரில் ஒட்டுக்கட்டி நட்டால் காய்ப்புக்கு வர ஐந்து வருஷம், பிறகு இருபது வருஷம் பலன். சுங்க அறிவிக்கைக்கு ஒரே ராத்திரி. வங்கியில் இதை முதிர்வுப் பொருத்தமின்மை என்போம். அது பெரிதானால் ஆடிட்டர் விடமாட்டார். தோட்டத்துக்கு ஆடிட்டர் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. ஒரே கடனாளிக்கு எங்கள் மாதிரி வங்கிகள் முதல் அடுக்கு மூலதனத்தில் 20 சதவீதத்துக்கு மேல் கடன் தரக்கூடாது, போர்டு விசேஷ அனுமதி தந்தால் 25 என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. ஆள் எவ்வளவு யோக்கியமாக இருந்தாலும் சரி. ஒரு மாவட்டமே ஒரு கஸ்டமரை நம்பி மரம் நடும்போது அப்படிக் கேட்க யாருமில்லை.

கேட்டவர்கள் பிழைத்தார்கள். எகிப்தைப் பாருங்கள். 2014 ஆகஸ்டில் ரஷ்யா ஐரோப்பியப் பழங்களுக்குத் தடை போட்டது. ஸ்பெயின் அந்தச் சந்தையை இழந்தது, எகிப்து உள்ளே புகுந்தது. 2016 நவம்பரில் எகிப்து தன் பவுண்டை மிதக்கவிட, சில வாரங்களில் மதிப்பு பாதியாகி, டாலரில் அவர்கள் பழம் மலிவாகிவிட்டது. பாலைவனத்தைத் திருத்தி நட்ட தோட்டங்களும் காய்ப்புக்கு வந்தன. ரஷ்யா, சவூதி, நெதர்லாந்து, சீனா, பங்களாதேஷ், கடைசியில் மாமாவின் சூப்பர் மார்க்கெட் வரை வந்துவிட்டார்கள். அடி அவர்களுக்கும் உண்டு. 2024 தொடக்கத்தில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது ஆசியாவுக்கு அனுப்ப முடியாமல் திணறினார்கள். ஒரு கதவு அடைத்தால் தட்ட வேறு கதவு இருந்தது.

தென்னாப்பிரிக்காவும் அப்படியே. 2022 ஜூலையில், பழம் கடலில் மிதந்துகொண்டிருக்கும்போதே, ஒரு அந்துப்பூச்சியைக் காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் புதுக் குளிரூட்டல் விதியை அமலாக்கியது. கண்டெய்னர்கள் துறைமுகத்தில் தேங்கின. பூச்சி நிஜம்தான், ஆனால் வலென்சியா விவசாயிகளின் அழுத்தமும் நிஜம் என்று தென்னாப்பிரிக்கர்கள் சொல்வார்கள். அவர்கள் அழுதுவிட்டு உட்காரவில்லை, உலக வர்த்தக அமைப்புக்குப் போனார்கள். போகத் தெம்பு இருந்தது. அவர்கள் சிட்ரஸ் பழத்தில் ஐரோப்பா ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

நாம் என்ன செய்தோம்? 2023 கடைசியில் மகாராஷ்டிர அரசு அந்த வரியில் பாதியை ஏற்றுமதிக்கு மானியமாகத் தருவதாக அறிவித்தது. கேட்க இனிமையாக இருந்தது. எனக்கு ஒப்பவில்லை. மானியம் போவது ஏற்றுமதியாளருக்கு. பழத்தை ஏற்கனவே அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்ட விவசாயிக்கு அதில் எத்தனை பைசா? அதைவிட, நம் வரிப்பணம் சுற்றி வளைத்து டாக்கா கஜானாவுக்குப் போகிறது. அடுத்த ஜூனில் அவர்கள் இன்னும் கொஞ்சம் ஏற்றினால் நாமும் பாதி ஏற்றுவோமா?

வெங்காயத்தைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. 2019 செப்டம்பர், 2020 செப்டம்பர், 2023 டிசம்பர் என்று மூன்று முறை முன்னறிவிப்பில்லாமல் வெங்காய ஏற்றுமதியை நிறுத்தினோம். 2019 அக்டோபரில் டெல்லி வந்த ஷேக் ஹசீனா, சமையல்காரரிடம் வெங்காயம் போடாமல் சமைக்கச் சொல்லிவிட்டேன், முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். ஆரஞ்சு வரி அதற்குப் பழிவாங்கல் என்று விதர்பாவில் பலர் சொல்கிறார்கள். எனக்கு அது முழுக் காரணமாகத் தோன்றவில்லை, டாலர் பஞ்சமே பெரிய காரணம். ஆனால் நாசிக் வெங்காயத்தை ராத்திரியோடு ராத்திரி நிறுத்துகிற நாம், வரூட் ஆரஞ்சுக்காக 'முன்னறிவிப்பு தரவேண்டாமா' என்று எந்த முகத்தோடு கேட்பது?

இதைத்தான் பேசித் தீர்க்க வேண்டும் என்கிறேன். 2022 டிசம்பர் 29 முதல் அமலான ஒப்பந்தத்தில் ஆஸ்திரேலியாவின் ஆரஞ்சு, மாண்டரின்களுக்கு 13,700 டன் வரை பாதி வரி என்று ஒத்துக்கொண்டோம். கடல் தாண்டியவருக்குத் தரத் தெரிந்தது, பக்கத்து வீட்டில் வாங்கத் தெரியாதா? இத்தனை டன் சந்தராவுக்கு இந்த வரி, சீசன் முடியும்வரை மாற்றமில்லை. பதிலுக்கு இத்தனை டன் வெங்காயம் எந்தத் தடை வந்தாலும் உங்களுக்கு வரும் என்று ஒரு ஏற்பாடு. 2024 ஆகஸ்டுக்குப் பிறகு இரு நாட்டு உறவும் கசந்து, 2025இல் தரைவழி வணிகத்தில் ஆளுக்கு ஆள் கட்டுப்பாடு போட்டதை மறக்கவில்லை. கசந்த நேரத்தில்தான் எழுதி வைத்த காகிதம் தேவைப்படும்; எல்.சி. பிறந்ததே நம்பிக்கை இல்லாதவர்களுக்காகத்தானே.

மானியப் பணம்? விதையில்லா ரகக் கன்றுக்கும், வரூட் பக்கத்திலேயே மெழுகு பூசித் தரம் பிரித்து அடைக்கும் பேக்கிங் கூடங்களுக்கும், குளிர் லாரிக்கும் போகட்டும். பலன் தெரிய ஐந்தாறு வருஷம் ஆகும். அதற்குள் தேர்தல் வந்துவிடும் என்பதுதான் சிக்கல்.

அந்த வரூட்காரரின் கடனைக் காலம் நீட்டித்துக் கொடுத்தோம், விதியில் இடமிருந்ததால். கையெழுத்துப் போட்டுவிட்டு, "ரெண்டு ஏக்கர் மரத்தை எடுத்துட்டு சோயா போடலாமா சாஹேப்?" என்று கேட்டார். மரத்துக்கு வயது பன்னிரண்டாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் என் மேஜைமேல் ஒரு பை ஆரஞ்சு இருந்தது. காசு கொடுத்தால் வாங்க மாட்டார் என்று தெரியும், கொடுத்துப் பார்த்தேன், வாங்கவில்லை. அதில் பாதி கிராண்ட் டிரங்கில் சித்தப்பாவுக்குப் போனது.