விசாவும் நம் விசுவாசமும்



வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுவோரின் பாஸ்போர்ட்டைப் பீடத்தில் வைத்துச் செபிப்பது நம் பங்குகளில் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் அதனுள் இருக்கும் விசா எத்தகையது என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

வேலை விசா வேறு, சுற்றுலா விசா வேறு. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, இந்திய அரசின் குடியகல்வு அனுமதி தேவை. அதற்காக வேலை ஒப்பந்தம் பரிசீலிக்கப்படுகிறது, காப்பீடும் கட்டாயம். இதைத் தவிர்க்கவே சில ஏஜென்டுகள், "முதலில் விசிட் விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார்கள். அப்படிச் செல்பவர் சம்பளம் கிடைக்காவிட்டால் புகார் செய்யவும் அஞ்சுவார். ஏனெனில், ஏமாற்றப்பட்ட அவரே சட்டத்தை மீறியவராக நிற்பார்!

2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழக இளைஞர்கள், மியான்மரின் மியாவடிக்குக் கொண்டு செல்லப்பட்டு இணைய மோசடியில் ஈடுபடக் கட்டாயப்படுத்தப்பட்டதை மறக்க முடியுமா?

நகையை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரைக் குறைகூறுவதில் பயனில்லை. வறுமை அவசரப்படுத்துகிறது; அந்த அவசரத்தை ஏமாற்றுபவன் காசாக்குகிறான்.

எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தைப் புலம்பெயர்வோரின் முன்மாதிரியாகத் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1952-இல் சுட்டிக்காட்டினார். 2018-ஆம் ஆண்டின் புலம்பெயர்ந்தோர் உலக நாள் செய்தியில் திருத்தந்தை பிரான்சிஸ் வரவேற்றல், பாதுகாத்தல், மேம்படுத்துதல், ஒருங்கிணைத்தல் என்னும் நான்கு பணிகளை முன்வைத்தார். பாதுகாத்தல் என்பது சொந்த நாட்டிலேயே, புறப்படும் முன்பே, நம்பத்தகுந்த தகவலைத் தருவதில் தொடங்குகிறது என்றும் விளக்கினார். அப்படியானால் அது தூதரகத்தின் வேலை மட்டுமல்ல, பங்கின் பணியும்கூட.

நம் அன்பியக் கூட்டங்களில் இதைச் செய்யலாம். ஏஜென்ட் அரசிடம் பதிவு பெற்றவரா என்று 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் படித்த இளைஞர்கள் பார்த்துச் சொல்லட்டும். ஏஜென்டின் சேவைக் கட்டணத்துக்கு அரசு விதித்த உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் என்பதை எல்லோரும் அறியட்டும். விசா, ஒப்பந்தம், பாஸ்போர்ட் ஆகியவற்றின் நகல்கள் வீட்டில் இருக்கட்டும். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதைப் பறித்து வைக்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை.

இனி பாஸ்போர்ட்டைப் பீடத்தில் வைக்கும் முன், அதைத் திறந்து வாசிப்போம். அதுவும் செபத்தின் ஒரு பகுதியே.