பதிவு எண் எங்கே?

திருத்தணியில் எந்த கிளினிக் வாசலிலும் முதலில் காதில் விழுவது "லேடி டாக்டர் இருக்காங்களா?" என்ற கேள்விதான். இருக்காங்க என்று பதில் வந்தால் போதும், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த லேடி டாக்டர் என்ன படித்தவர், எங்கே பதிவு செய்தவர் என்று யாரும் கேட்பதில்லை. உள்ளே இருப்பவர் எம்.எஸ். மகப்பேறு முடித்தவராக இருக்கலாம். எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்தவராக, பி.எஸ்.எம்.எஸ். படித்த சித்த மருத்துவராக, பிரசவ வார்டில் பல வருடம் நின்ற நர்ஸாகக்கூட இருக்கலாம். வந்தவருக்கு நால்வரும் 'டாக்டரம்மா'தான்.

லேடி டாக்டர் இருக்காங்களா என்ற கேள்வியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. நம் மாநிலத்தில் மகளிர் மருத்துவம் வளர்ந்ததே அதனால்தான். 1875-ல் மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சென்னை மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொண்டது. 1885-ல் அவர் முயற்சியில் கோஷா ஆஸ்பத்திரி வந்தது. 1918-ல் ஐடா ஸ்கடர் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். ஆண் டாக்டரிடம் காட்ட வீட்டார் ஒப்பாததால் செத்துப்போன பெண்கள் இந்த மூன்றுக்கும் பின்னால் இருக்கிறார்கள். அன்றைக்குப் பெண் மருத்துவர் கிடைப்பதே அரிது. இன்றைக்குக் கிடைக்கிறார்கள், அதனால் அவர் என்ன படித்தவர் என்ற அடுத்த கேள்வி எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. அந்த இடைவெளியில்தான் போலிகள் பிழைப்பு நடத்துகிறார்கள்.

காய்ச்சல் காலம் வந்தால் திருவள்ளூர் மாவட்டத்தில் போலி மருத்துவர்கள் கைது என்று செய்தி வரும். 2019-ம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி, பதிவு இல்லாமல் மருத்துவம் பார்த்தால் ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் மாட்டுகிறவர் பெரும்பாலும் காய்ச்சலுக்கு ஊசி போட்டவர். நாள் தள்ளிப்போனதற்கு மாத்திரை கொடுத்தவர் மாட்டுவது அபூர்வம். போய் வந்த பெண் வெளியே சொல்லமாட்டாள். ரத்தப்போக்கு நிற்காமல் அரசு மருத்துவமனைக்கு வந்தாலும் சொல்லமாட்டாள்.

இந்த இடத்தில் மருத்துவர்களான நம்மவர்கள் வழக்கமாகச் சொல்வது, "பேஷண்ட்தான் பார்த்துப் போகணும், கவுன்சில் வெப்சைட்டில் எல்லாம் இருக்கிறதே" என்பது. இருக்கிறதுதான். பொதட்டூர்பேட்டையில் விசைத்தறியை நிறுத்திவிட்டு, மாமியாரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வருகிற பெண், அரும்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் நம் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டா வரப்போகிறாள்? நம்மைச் சரிபார்க்கும் வேலையை அவள் தலையில் கட்டுவது நியாயமில்லை. சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. 2002-ம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகள் அந்தப் பொறுப்பை நம்மிடம்தான் கொடுத்திருக்கின்றன. கிளினிக்கிலும், மருந்துச் சீட்டிலும், சான்றிதழிலும், பணம் வாங்கிய ரசீதிலும் பதிவு எண் இருக்க வேண்டும். எந்த மாநிலக் கவுன்சில் என்பதும் பலகையில் தெரிய வேண்டும். சிறப்புத் தகுதி இல்லாதவர் தன்னைச் சிறப்பு மருத்துவர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. மருந்துக்கடை வாசலில் பலகை மாட்டுவது முறையற்றது என்றுகூட அதில் இருக்கிறது.

இப்போது உங்கள் மேசையிலிருக்கும் பேடை எடுத்துப் பாருங்கள். பெயர், அதன்கீழ் எம்.பி.பி.எஸ்., டி.ஜி.ஓ., அதற்கும் கீழே இரண்டு மூன்று ஃபெலோஷிப்கள், அடைப்புக்குறிக்குள் ஒரு வெளிநாட்டு ஊர். வலது பக்கம் பார்வை நேரம், செல்போன் எண். பதிவு எண்ணைக் காணோம். மூன்று நாள் பயிற்சி வகுப்பின் சான்றிதழும் மூன்று வருட மேற்படிப்பும் ஒரே எழுத்தில், ஒரே வரியில் நிற்கின்றன. நம் ஸ்கேன் அறைகளில் மட்டும் 'கருவிலிருக்கும் குழந்தையின் பாலினம் இங்கே தெரிவிக்கப்பட மாட்டாது' என்ற பலகை தவறாமல் தொங்குகிறது. அதைப் பார்க்க அதிகாரிகள் வருவார்கள். பதிவு எண்ணைப் பார்க்க யாரும் வருவதில்லை.

எல்லை ஊர் என்பதால் நமக்கு இன்னொரு சிக்கல். 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டமும் எல்லைத் தகராறில் வந்த படாஸ்கர் தீர்ப்பும் ஊரை இந்தப் பக்கம் கொண்டுவந்தன. கொடுக்கல் வாங்கல் ஆந்திரப் பக்கத்து நகரியோடும் புத்தூரோடும் அப்படியேதான் இருக்கிறது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவாள். ஏழு மாதம் வரை இங்கே பார்த்த ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் தமிழ்ச் சீட்டில் இருக்க, பிரசவம் தெலுங்கு பேசும் ஊரில் நடக்கும். அங்கிருந்து இங்கே வருகிறவர்கள் கதையும் அதேதான். ஆந்திரக் கவுன்சிலில் பதிந்தவரைத் தமிழ்நாட்டுப் பதிவேட்டில் தேடினால் பெயர் வராமல் போகலாம். எனவே எண் மட்டும் போதாது, கவுன்சிலின் பெயரும் வேண்டும். அங்கே கிராமங்களில் ஆர்.எம்.பி. என்று போர்டு போட்டவர் பெரும்பாலும் மருத்துவப் பட்டம் இல்லாதவர். ஆனால் கருக்கலைப்புச் சட்டத்தில் அதே மூன்று எழுத்து பதிவு பெற்ற மருத்துவரைக் குறிக்கிறது. எலும்பு முறிவுக்குப் புத்தூர் கட்டுப் போடப் போகிறவர் யாரும் கட்டுப்போடுகிறவரின் சான்றிதழைக் கேட்பதில்லை. கை ராசியைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தப் பழக்கத்தோடேதான் கர்ப்பப்பைக்கும் வருகிறார்கள்.

கர்ப்பப்பை என்றதும் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் கர்ப்பப்பை எடுக்கப்பட்டவர்கள் இந்திய அளவில் 3 சதவீதத்தை ஒட்டி. ஆந்திரத்தில் 9 சதவீதத்தை ஒட்டி. அந்தப் பக்கம் நமக்கு அக்கம்பக்கம்தான். "வெள்ளைப்படுது, இடுப்பு வலி" என்று நாற்பது வயதில் வருபவரிடம் "குழந்தைதான் ரெண்டு இருக்கே, எடுத்துடலாம், இல்லேன்னா கேன்சராகும்" என்று சொல்பவர் எல்லா இடத்திலும் போலி மருத்துவர் இல்லை. பட்டமும் பதிவு எண்ணும் உள்ளவர்களும் அப்படிச் சொல்கிறார்கள். உதிரப்போக்கு என்றே வந்தாலும் மாத்திரை இருக்கிறது, ஹார்மோன் ஐ.யு.டி. இருக்கிறது; கர்ப்பப்பை உட்சுவரிலிருந்து திசு எடுத்துப் பார்க்காமல், கர்ப்பப்பை வாயைச் சோதிக்காமல் கேன்சர் என்ற பேச்சை எடுக்கவே கூடாது. சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது நினைவிருக்கட்டும். லேப்ராஸ்கோப்பி சோதனைக்குச் சம்மதித்து மயக்கத்தில் கிடந்த பெண்ணின் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும், வெளியே நின்ற தாயிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு எடுத்தார்கள். அது சம்மதமே ஆகாது என்றது தீர்ப்பு. தேவையற்ற கர்ப்பப்பை அகற்றல் பற்றிய மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் மூன்று மாதத்தில் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. தகுதியான மருத்துவர் யார் என்று என்னைக் கேட்டால், பட்டம் வாசற்படிதான். கர்ப்பப்பையை எடுக்காமல் என்னென்ன செய்யலாம் என்று பேசத் தெரிந்தவரையே நான் கைகாட்டுவேன்.

கருக்கலைப்பில் நம் மீதே ஒரு குற்றச்சாட்டு உண்டு. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும் என்று 1971-ம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு அவள் பெயரை வெளியே சொல்கிற மருத்துவருக்குச் சிறைத்தண்டனைகூட உண்டு. பட்டமேற்படிப்போ மகப்பேறு அனுபவமோ இல்லாத எம்.பி.பி.எஸ். மருத்துவரும், அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் 25 கருக்கலைப்புகளில் உதவி, அவற்றில் 5-ஐத் தானே செய்து பயின்றிருந்தால் 12 வாரம் வரை செய்யலாம். இவ்வளவு வழி இருந்தும், "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா, கையெழுத்து வேணும்" என்று திருப்பி அனுப்புகிறோம். அவள் நேரே மருந்துக்கடைக்குப் போகிறாள். கரு குழாயில் தங்கியிருந்தால் அந்தக் கடைக்காரருக்கு என்ன தெரியும்? அவளைப் போலியிடம் அனுப்பியது நாம்தான்.

குழந்தையின்மைக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2021-ம் ஆண்டுச் சட்டப்படி செயற்கைக் கருத்தரிப்பு மையம் ஒவ்வொன்றும் பதிவு பெற்றிருக்க வேண்டும். இலவச முகாம் என்று மண்டபத்துக்கு அழைப்பவர்களிடம் மையத்தின் பதிவு எண்ணைக் கேட்கச் சொல்லி நம் நோயாளிகளுக்கு எழுதியே கொடுக்கலாம். திருத்தணி முருகன் மலைக்கு வேண்டிக்கொள்ள வரும் தம்பதிகள்தான் அந்த முகாம் நோட்டீசை வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள்.

வாசகர்களான மருத்துவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். பலகையிலும் பேடிலும் பெயர், அங்கீகரிக்கப்பட்ட பட்டம், கவுன்சில், பதிவு எண் நான்கும் தமிழிலும் தெலுங்கிலும் வரட்டும். யார் பரிசோதித்தார், யார் அறுவை செய்தார் என்பது டிஸ்சார்ஜ் சீட்டில் எண்ணோடு இருக்கட்டும். மருந்துக்கடை வாசலில் தொங்கும் உங்கள் பெயரை இறக்கிவிடுங்கள். அச்சடித்த பேடு தீரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அதுவரைக்கும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதும்.