நான்காமவர் யார்?

2019-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மாஞ்செஸ்டர் நகரில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதி ஆட்டத்தில், இந்தியக் கோஷ்டியார் நியூஸிலாந்தரிடம் 18 ஓட்டங்களில் தோற்றனர். முதல் முக்கால் மணி நேரத்து ஆட்டமே யாவற்றையும் கெடுத்தது என்று பலர் கூறி அமைந்தனர். ரோஹித் சர்மா, ராகுல், காப்டன் கோலி ஆகிய மூவரும் தலைக்கு ஓர் ஓட்டத்துடன் மீண்டதும், 5 ஓட்டங்களுக்குள் மூன்று விக்கெட்டுகள் வீழ்ந்ததும் மெய்யே. நல்ல பந்துக்கு நல்ல ஆட்டக்காரரும் வீழ்வர். அதனை நாம் குறைகூற வரவில்லை. அம்மூவரும் வீழ்ந்தால் தாங்குவார் யாவர் என்னும் வினாவுக்கு விடை காணாமலே கோஷ்டியார் இங்கிலாந்துக்குப் புறப்பட்டனரே, அதுவே நம் மனத்தை உறுத்துகின்றது.

விடை கையில் இல்லாமற் போகவில்லை. அதே ஆண்டு பிப்ரவரி மாதம் வெல்லிங்டனில் அதே நியூஸிலாந்தருக்கு எதிரே 18 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டுகளை இழந்து இந்தியர் தத்தளித்தனர். அன்று அம்பாட்டி ராயுடு பொறுமையாக நின்று 90 ஓட்டங்கள் எடுத்தார். கோஷ்டியின் தொகை 252 ஆயிற்று. 35 ஓட்டங்களில் வெற்றியும் கிட்டிற்று. ஆயினும் அடுத்த மாதத்தில் ஆஸ்திரேலியருக்கு எதிரே மூன்று ஆட்டங்களில் அவர் சோபிக்கவில்லை. ஏப்ரலில் வெளிவந்த பதினைவர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பந்தடித்தல், பந்தெறிதல், பந்து தடுத்தல் மூன்றிலும் பயன்படுவார் என்று விஜய் சங்கரைத் தெரிந்தெடுத்தனர். தமிழ்நாட்டு இளைஞர் ஒருவருக்கு இடங்கிடைத்தது நமக்கு மகிழ்ச்சியே. வெல்லிங்டனில் ராயுடுவுக்குத் துணைநின்று 45 ஓட்டங்கள் எடுத்தவரும் அவரே. மகிழ்ச்சி வேறு, நியாயம் வேறு.

பின் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. தவானுக்குக் கட்டைவிரலில் காயம். ராகுல் முதலாட்டக்காரராக மேலேறினார். ராகுல், பாண்டியா, விஜய் சங்கர், ரிஷப் பந்த் என ஒரே பந்தயத்தில் நால்வர் அந்த நான்காம் இடத்தில் ஆடினர். விஜய் சங்கரும் காயமுற்றபோது, காத்திருப்போர் பட்டியலிலிருந்த ராயுடுவை விடுத்து, இந்தியாவுக்காக ஒருநாள் ஆட்டம் ஒன்றேனும் ஆடியிராத மயங்க் அகர்வாலை அழைத்தனர். ராயுடு ஓய்வு பெறுவதாக அறிவித்துவிட்டார். அவரை யார் குறைகூற வல்லார்?

இனி, ஆடும் வரிசை. 24 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டுகள் வீழ்ந்திருந்த வேளையிலும் தோனி உள்ளேயே இருந்தார். ஐந்தாமவராக வந்த தினேஷ் கார்த்திக் 25 பந்துகளில் 6 ஓட்டங்களே எடுத்தார். பந்தும் பாண்டியாவும் தலைக்கு 32 எடுத்து, கால் ஊன்றிய சமயத்தில், சான்ட்னரின் சுழற்பந்தைத் தூக்கியடித்து இருவரும் பிடிகொடுத்தனர். பந்து அடித்த அப்பந்தின் போது எதிர்முனையில் முதியவர் ஒருவர் நின்று, 'தம்பி, பொறு' என்றிருந்தால்? ஏழாமவராகத் தோனி வந்தபோது தொகை 71. அவர் முன்னரே வந்து வீழ்ந்திருந்தால் ஆட்டம் அன்றே முடிந்திருக்கும், இறுதியில் முடித்துவைக்க அவர் வேண்டும் என்பது கோஷ்டியார் தரப்பின் சமாதானம். முடித்துவைப்பதற்கு முதலில் ஏதேனும் எஞ்சியிருக்க வேண்டாமோ! இதே தோனி 2011-ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில், அப்பந்தயத்தின் தலைசிறந்த ஆட்டக்காரரான யுவராஜ் சிங்குக்கும் முன்னே தாமே இறங்கி, 91 ஓட்டங்களுடன் கடைசிவரை நின்று கோப்பையை வென்று தந்தாரன்றோ? அன்று அவர் வந்தபோது வீழ்ந்திருந்தவை மூன்று விக்கெட்டுகளே.

நான்கு ஆட்டங்களில் 14 விக்கெட்டுகள் வீழ்த்திய ஷமியை அரையிறுதியில் விலக்கியதையும் சிலர் கண்டித்தனர். அவருக்கு முன் இடம்பெற்ற புவனேஷ்வர் குமார் அன்று மூன்று விக்கெட்டுகள் எடுத்தாராதலின், அவ்வழக்கை நாம் தொடரவில்லை.

ஜடேஜாவும் தோனியும் சேர்ந்து 116 ஓட்டங்கள் எடுத்தனர். ஜடேஜா 59 பந்துகளில் 77 எடுத்தார். தோனிக்கு 50 எடுக்க 72 பந்துகள் பிடித்தன. மெதுவாய் ஆடினார் என்பர் சிலர். மறுமுனையில் விக்கெட்டுக் காக்க வேறெவரும் மிஞ்சவில்லை என்பதை அவர் மறந்தனர் போலும். குப்டில் எறிந்த பந்தால் தோனி ரன் அவுட் ஆனபோது இன்னும் 24 ஓட்டங்கள் வேண்டியிருந்தன.

2023-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் நான்காம் இடம் ஷ்ரேயஸ் ஐயருக்கு உரியதாயிற்று. முதல் ஆட்டத்தில் ஓட்டமேதுமின்றி மீண்டார்; பின் இங்கிலாந்தருக்கு எதிரே நான்கே எடுத்தார். ஆயினும் அவரை எவரும் அசைக்கவில்லை. அப்பந்தயத்தில் அவர் எடுத்த ஓட்டங்கள் 530. மூன்று ஆட்டங்களில் சோபியாத ராயுடுவுக்கு அப்பொறுமை காட்டப்பெறவில்லை.