அதே சிட்டா, அதே அடங்கல்

பயிர்க்கடனுக்கு சிட்டா, அடங்கல். சொட்டுநீர் மானியத்துக்குப் போனா மறுபடி அதே சிட்டா, அதே அடங்கல், கூட சிறு விவசாயி சான்று. எல்லாமே வருவாய்த் துறை கொடுக்கிற காகிதம். ஒரு அரசு ஆபீஸ்ல வாங்கி இன்னொரு ஆபீஸ்ல நீட்ட, நடுவுல நான் தபால்காரன்.

எஸ்தோனியாவில் 2001லயே 'எக்ஸ்-ரோடு' கொண்டுவந்தாங்க. எல்லாத் தகவலையும் ஒரே இடத்துல கொட்டுறதில்லை. அந்தந்தத் துறைகிட்டயே இருக்கும். தேவைப்படுற துறை நேரா கேட்டு வாங்கிக்கும். கேட்டதும் பதிவாகும்.

இங்கேயும் முடியாததில்லைங்க. உட்பிரிவு பண்ண வேண்டாத நிலத்தைக் கிரயம் பண்ணினா, பதிவுத்துறையிலேருந்து தகவல் போய் பட்டா தானா மாற ஏற்பாடு இருக்கு. அதே மாதிரி அடங்கலும் கூட்டுறவு சங்கத்துக்குப் போகட்டுமே.

ஒண்ணு, கடலை போட்ட காட்டைத் தரிசுன்னு எழுதியிருந்தா அந்தத் தப்பும் எல்லா ஆபீசுக்கும் போயிடும். அதனால வி.ஏ.ஓ. மொதல்ல காட்டுக்கு வந்து பார்த்து எழுதணும்.