கவ்வாத்துக் கத்தியும் கலை வரலாறும்

மலையகத் தமிழரின் பண்பாடு பற்றி நம் பல்கலைக்கழகச் சூழலில் எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் நாட்டார் பாடலில் தொடங்கிக் காமன் கூத்தில் முடிவடைகின்றன. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் பாடல்களைத் திரட்டித் தந்திராவிடின் அவற்றுட் பல அழிந்தே போயிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயின், பாடிய வாய்க்கு உரியவர்களிடம் கையும் இருந்தது என்பதனை நாம் மறந்துவிட்டோம். அக்கை எதனைப் பிடித்திருந்தது? அதனை ஆக்கியவன் எவன்? எந்த இரும்பில், எத்தகைய அறிவுகொண்டு ஆக்கினான்? இவ்வினாக்களை எழுப்பும் கட்டுரையொன்றையேனும் நான் கண்டிலேன்.

கத்தியின் வரலாறு இந்நாட்டில் எழுதப்படாதது அன்று. எவருடைய கத்தி எழுதப்பட்டது என்பதே நாம் நோக்கவேண்டியது. பசறையிலிருந்து லுணுகலை வழியாகக் கீழிறங்கினால் பிபிலையும், அதற்கப்பால் வேடர் வாழ்ந்த காடுகளும் வரும். கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த ரொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் வேடரைப் பற்றி வியத்தகு செய்தியொன்றைத் தருகிறார். வேடர் இரவில் வந்து கொல்லனின் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிடுவர். தமக்கு வேண்டிய அம்பு எவ்வடிவினதோ அவ்வடிவில் வெட்டிய இலையொன்றையும் அதனருகே தொங்கவிட்டுச் செல்வர். கொல்லன் அவ்வாறே செய்து வைத்தால் மேலும் இறைச்சி வரும். செய்யாதொழிந்தால் என்றேனும் ஓர் இரவில் அவன்மீது அம்பு பாயும். வேட்டைக் கருவியை அளவு சொல்லிச் செய்வித்தல் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? இலையே வரைபடம், இறைச்சியே கூலி. (பிந்திய கூலியைப் பற்றிய எச்சரிக்கையும் அதிலேயே அடங்கியிருந்தது.)

இரு நூற்றாண்டு கழித்து வேட்டைக்காரன் மாறினான். சாமுவேல் பேக்கர் 1854இல் வெளியிட்ட இலங்கை வேட்டை நூலில், மரை வேட்டைக்கென இலண்டனில் தாம் சொல்லிச் செய்வித்த கத்தியை, செய்த கடையின் பெயருடனும் அலகின் அளவுடனும் விவரிக்கிறார். பதுளையில் அரசாங்கப் பொறுப்பு வகித்த மேஜர் ரோஜர்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனப் பெயர்பெற்றார். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த அவரது நினைவுக்குப் பதுளையிற் புனித மாற்கு தேவாலயம் எழுந்தது. கொன்றவனுக்குக் கோயில். வேட்டைக் கத்திக்கு நூலிற் பக்கம்.

கண்டி மன்னரின் பட்டல் ஹத்தர என்னும் அரச பட்டறைகளில் வெள்ளியும் பித்தளையும் பதித்துச் செய்யப்பட்ட கத்திகளைப் பற்றி ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளிவந்த தம் பெருநூலில் எழுதினார். கைவினைஞனைக் கலைஞனாக மதிக்க நமக்குக் கற்பித்தவர் அவரே. தோட்டத்துக் கத்தி அவர் எடுத்துக்கொண்ட காலத்துக்கு உரியதன்று. எனவே குறை அவருடையதன்று. அவர் நின்ற இடத்திலேயே நாமும் நின்றுவிட்டோமே, அதுவே குறை. இன்று அமெரிக்காவில் கையால் ஆக்கிய வேட்டைக் கத்திக்குச் சங்கமும் கண்காட்சியும் உள்ளன; 2010இல் மறைந்த லவ்லெஸ் என்பாரின் பெயர் பொறித்த கத்திகளைச் செல்வர் பெருவிலை கொடுத்து வாங்கி, ஒருமுறையும் வெட்டாது பெட்டியுள் வைக்கின்றனர்.

இனிக் கவ்வாத்துக் கத்திக்கு வருவோம். தேயிலைச் செடியை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டித் தாழ்த்தாவிடின் அது மரமாகிவிடும். வெட்டு சாய்வாக அமைய வேண்டும். ஒரே இழுப்பில் முடிய வேண்டும். கிளை பிளந்தால் நீர் தங்கி மரம் உளுக்கும். அச்செடி அடுத்த கவ்வாத்தைக் காணுமோ என்பதே ஐயம். நாளொன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்ட செடிகளை, செங்குத்துச் சரிவில் ஒரு காலை ஊன்றி நின்று வெட்டுபவனுக்குக் கத்தியின் எடை அரைக் கைப்பிடி முன்னே சென்றாலும் மணிக்கட்டு மாலைக்குள் வீங்கிவிடும்.

என் தந்தையார் பசறைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிற் கவ்வாத்து வெட்டியவர். தோட்டத்தில் வழங்கிய கத்தி எல்லோர்க்கும் ஒரே அளவு. அதனை வாங்கிய முதல் ஞாயிறே அவர் தெருவோரத்துக் கம்மாலைக்கு எடுத்துச் செல்வார். சிறுவனாகிய நானும் உடன் செல்வேன். அங்கிருந்த சிங்கள ஆச்சாரியாரை எல்லோரும் 'பாஸ்' என்றே அழைத்தனர். அவர் முதலில் கத்தியைப் பார்ப்பதில்லை. தந்தையாரின் உள்ளங்கையை விரித்துப் பார்ப்பார். பிறகு பிடியைக் கழற்றிக் கொய்யாக் கட்டையிற் புதிதாகச் செதுக்குவார். வசதியுள்ள ஆண்டுகளில் அலகையே புதிதாக அடிப்பித்ததுமுண்டு. பழைய லொறியின் வில்லுத் தகடுதான் இரும்பு. அதிற் கரி ஏறத்தாழ நூற்றுக்கு 0.6 பங்கு இருப்பதால் கூரும் நிற்கும், முறியவும் முறியாது என்று பின்னாளில் நூல்களிற் படித்தேன். பாஸ் அதனைத் தட்டிப் பார்த்து ஓசையால் அறிந்தார். தோய்ச்சலுக்குப் பிறகு அலகை மீண்டும் அனலருகே பிடித்து, வைக்கோல் நிறம் படர்ந்ததும் சட்டென எடுத்துவிடுவார். அந்நிறம் ஏறத்தாழ 230 பாகை வெப்பத்தில் தோன்றுவது. நீலம் படர்ந்தால் 300ஐ எட்டிவிட்டது, கூர் நில்லாது. வெப்பமானி இல்லாத அப்பட்டறையில் அவருடைய கண் பிழைத்ததை நான் கண்டதில்லை.

இதனைக் கலையெனல் மிகையென்று விரிவுரையாளர் சிலர் கூறக்கூடும். வடிவம் துரைமாரின் நாட்டிலிருந்து வந்ததென்றும் கூறுவர். வடிவம் எங்கிருந்து வந்தாலென்ன? சரிவுக்கும் செடிக்கும் ஒரு குறிப்பிட்ட மனிதனின் கைக்கும் அதனைப் பொருத்தியது இங்குள்ள அறிவே. பயன்படாத கத்தி கலை, பயன்படும் கத்தி வெறுங் கருவி என்னும் பாகுபாடு வேட்டையாடி ஓய்வுகொண்டோர் வகுத்தது. உழைப்போரின் பிள்ளைகளாகிய நாம் அதனைப் பரீட்சை வினாப்போல மனனஞ் செய்ய வேண்டியதில்லை. கொல்லுத்தொழில் சாதியோடு பிணைந்தது, அதனைப் போற்றுதல் பழமையைப் போற்றுதலாகும் என்ற தடை சற்று வலியது. பாஸின் மகன் உலைக்கு முன் அமர மறுத்துக் கொழும்புக்குச் சென்றான். அவனைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. ஆயின் சாதி ஒழிய வேண்டும் என்பதற்காக அறிவும் பதிவின்றி ஒழிய வேண்டுமோ?

நம் மௌனத்திற்கு வேறொரு காரணமும் உண்டென்று கருதுகிறேன். இக்கத்தியை அடித்தவர் சிங்களவர், பிடித்தவர் தமிழர். தமிழ்ப் பண்பாட்டை ஆராய்வோர் பட்டறையை விட்டுவிட்டனர். சிங்களக் கைவினையை ஆராய்வோர் கண்டி மன்னரின் அரண்மனையோடு நின்றனர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய ஒரு மனிதரும், அவருடைய உள்ளங்கையின் அளவை நினைவில் வைத்திருந்த ஓர் ஆச்சாரியாரும் இரு மொழியும் கலந்து பேரம் பேசிய அவ்விடம் எந்தத் துறையின் பாடத்திட்டத்திலும் இல்லை.

கவ்வாத்து இயந்திரம் தோட்டங்களுக்கு வந்துவிட்டது. வேண்டாமென்று கூற நான் யார்? என் தந்தையாரின் மணிக்கட்டே அதற்கு விடை கூறும். நான் கேட்பது இவ்வளவே: தமிழ்ச் சங்கம் ஆண்டுதோறும் கவியரங்குக்குச் செலவிடுவதில் ஒரு பங்கைக்கொண்டு, ஊவாவிலிருந்து வரும் மாணவரை விடுமுறையிற் கம்மாலைகளுக்கு அனுப்பலாம். சிங்கள மாணவர் ஒருவரையும் உடன் அனுப்புக. துருத்திக்கும் குறட்டுக்கும் தோய்ச்சலுக்கும் இரு மொழியிலும் வழங்கும் சொற்களை எழுதுக. கத்திகளை அளந்து வரைக. பிடித்தவர் பெயரையும் அடித்தவர் பெயரையும் கேட்டறிக. என் வீட்டுக் கூரையிற் செருகியுள்ள கத்தியை முதலாவதாகத் தருகிறேன். தீட்டித் தீட்டி அலகு பாதியாகிவிட்டது. பிடியில் நான்கு விரலின் பள்ளமும் தெரிகிறது.